வாடகை வீட்டைக் காலி செய்யும்போது மின் கட்டணக் கணக்கு

வாடகைக்குக் குடியிருப்பவர் வீட்டை விட்டுப் போகும்போது, அன்று வரை பயன்படுத்திய மின்சாரத்துக்கான தொகையைக் கணக்கிட்டுத் தீர்ப்பதே மின் கட்டணக் கணக்கு முடித்தல் ஆகும். தமிழ்நாட்டில் வீட்டு மின் கணக்கு இரண்டு மாதத்துக்கு ஒருமுறை எடுக்கப்படுகிறது. குடியிருப்பவர் போகும் நாளும் கணக்கெடுக்கும் நாளும் பெரும்பாலும் ஒன்றாக இருப்பதில்லை. ஆகவே ஒரே பில்லில் இரண்டு குடும்பங்களின் செலவு சேர்ந்துவிடுகிறது.

கணக்கு யாருடையது?

மின் வாரியத்தின் கணக்கு மின் இணைப்பு எண்ணைச் சார்ந்தது. இணைப்பு பெரும்பாலும் வீட்டு உரிமையாளர் பெயரில் இருக்கும். பாக்கி வைத்தவர் ஊர் மாறிப் போனாலும், மின்சாரம் துண்டிக்கப்படுவது அந்த வீட்டுக்குத்தான். மின்சாரச் சட்டம் 2003-இன் 56-ஆம் பிரிவுப்படி, துண்டிப்பதற்கு முன் 15 நாள் எழுத்து மூலம் அறிவிப்புத் தர வேண்டும். இதன் சுமை, முன்பு இருந்தவரை அறியாத புதுக் குடித்தனக்காரர் மீது விழுகிறது.

கணக்கிடும் முறை

காலி செய்யும் நாளில் இரு தரப்பும் சேர்ந்து மீட்டரைப் பார்த்து, அளவையும் தேதியையும் எழுதிக் கையொப்பமிட வேண்டும். கைபேசியில் ஒரு படமும் எடுத்துக்கொள்வது நல்லது.

எடுத்துக்காட்டாக, வாரியம் கடைசியாகக் கணக்கெடுத்தபோது மீட்டர் அளவு 4,200 என்றும், காலி செய்த நாளில் 4,350 என்றும், அடுத்த கணக்கெடுப்பில் 4,440 என்றும் கொள்வோம். போனவர் செலவு 150 யூனிட். வந்தவர் செலவு 90 யூனிட். மொத்தம் 240. பில் தொகையை 5:3 என்று பிரித்தால், எட்டில் ஐந்து பங்கு போனவருடையது, மூன்று பங்கு வந்தவருடையது.

போனவரின் 150 யூனிட்டை மட்டும் தனிப் பில்லாகக் கணக்கிடுவது சரியன்று. 2016 மே முதல் வீடுகளுக்கு இரு மாதங்களுக்கு 100 யூனிட் இலவசம். தனியாகக் கணக்கிட்டால் இந்தச் சலுகை முழுதும் போனவருக்கே சேர்ந்துவிடும். வந்தவர் தம் 90 யூனிட்டுக்கும் பணம் கட்ட நேரும். பயன்பாடு கூடக் கூட யூனிட் விலையும் ஏறுவதால் அந்தக் கூடுதலும் அவர் தலையிலேயே விழும்.

தனி மீட்டர் வைத்து உரிமையாளரே பணம் வாங்கும் வீடுகளில், அந்த மீட்டரின் இறுதி அளவையும் பேசிய விலையையும் எழுதி வைத்தால் போதும்.

குறுஞ்செய்தியும் முன்பணமும்

கட்டணம் பற்றிய குறுஞ்செய்தி, வாரியத்தில் பதிவான கைபேசி எண்ணுக்கே போகும். அது பழைய குடித்தனக்காரரின் எண்ணாக இருந்தால், உரிமையாளருக்கோ புதியவருக்கோ தகவல் வராது. பிரிவு அலுவலகத்திலோ வாரிய இணையதளத்திலோ எண்ணை உடனே மாற்ற வேண்டும். “இன்றிரவு மின்சாரம் துண்டிக்கப்படும், இந்த எண்ணை அழையுங்கள்” என்று வரும் செய்திகள் மோசடி. புதிதாகக் குடிவந்தவர்கள் பழைய பாக்கியோ என்று பயந்து ஏமாறக்கூடும். ஐயம் இருந்தால் மின்னகம் சேவை மையத்தை 94987 94987 என்ற எண்ணில் கேட்கலாம்.

2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த தமிழ்நாட்டு வாடகைச் சட்டப்படி, வீட்டை ஒப்படைத்த ஒரு மாதத்துக்குள், குடியிருந்தவர் தர வேண்டியதைக் கழித்துக்கொண்டு முன்பணத்தைத் திருப்பித் தர வேண்டும். பில் அதற்குப் பிறகே வரும் என்றால், மீட்டர் அளவைக் கொண்டு ஒரு தொகையைப் பேசி முடிக்கலாம். அளவு எழுதப்படாத இடத்தில் தான் கழிவுத் தொகை தகராறாகிறது. வாடகை பாக்கி என்று உரிமையாளர் மின்சாரத்தையோ தண்ணீரையோ நிறுத்துவதும் இச்சட்டப்படி கூடாது.

பிற கணக்குகள்

செஞ்சியை அடுத்த சிங்கவரம் போன்ற சிற்றூர்களில் குடிநீர்க் கட்டணம் ஊராட்சியில் செலுத்தப்படுகிறது. அதன் ரசீதையும் கேட்டு வாங்க வேண்டும். சமையல் எரிவாயு இணைப்பு குடியிருப்பவர் பெயரில் இருப்பதால் வீட்டோடு நிற்பதில்லை. தொலைவான ஊருக்குப் போகிறவர், சிலிண்டரையும் ரெகுலேட்டரையும் முகவரிடம் ஒப்படைத்து, வைப்புத்தொகையைப் பெற்று, மாறுதல் சீட்டு வாங்கிக்கொள்ளலாம்.