வால்வின் உச்சி ஏன் வெளுக்கிறது?

பழைய ரேடியோ வால்வை வாங்குமுன் கண்ணாடியின் உட்புறத்தைப் பாருங்கள். இசிசி83 போன்ற சிறு வால்வுகளின் உச்சியில் ரசம் பூசியதுபோல் பளபளப்பது பேரியம். உள்ளே மிஞ்சும் வாயுவைப் பிடித்துவைக்கவே அதை ஆலையில் ஆவியாக்கிப் படியவைத்தார்கள். விரிசல் வழியே காற்று புகுந்தால் அது ஆக்சிஜனோடு சேர்ந்து பால்போல் வெளுத்துவிடும். அந்த வால்வு முடிந்தது.

இழை சிவந்து எரிகிறதே என்றும் நம்பிவிடக் கூடாது. எலக்ட்ரானை உமிழ்வது கேத்தோடின் மேலுள்ள பேரியம், ஸ்ட்ரான்சியம் ஆக்சைடுப் பூச்சு. அது தேய்ந்தாலும் இழை எரியும், ஒலிதான் மங்கும். இந்தத் தேய்மானம் கண்ணுக்குப் புலப்படாது. கிரிட் மின்னழுத்தத்தைச் சற்று மாற்றி, பிளேட் மின்னோட்டம் எவ்வளவு மாறுகிறது என்று கருவியில் அளக்க வேண்டும். அளந்து காட்டாத வால்வுக்கு அதிக விலை கொடுக்காதீர்கள்.