விளைவித்தவர் கையிலிருந்தே

மதுரை அண்ணா நகர் உழவர் சந்தைக்கு விடிந்ததுமே போய்விடுவேன். தமிழ்நாட்டின் முதல் உழவர் சந்தை இது; 1999 நவம்பர் 14 அன்று தொடங்கியது. அடையாள அட்டை வாங்கிய விவசாயிகள் மட்டுமே இங்கே விற்கலாம். கடைக்கு வாடகை கிடையாது, நடுவில் தரகரும் கிடையாது. அன்றைய விலை பலகையில் எழுதியிருக்கும்.

“காம்பைப் பாருங்கக்கா, நேத்து சாயங்காலம் பறிச்சது” என்று கத்தரிக்காயை நீட்டுகிறார் ஒரு தம்பி. பிஞ்சு வெள்ளரியை அங்கேயே கடித்துத் தின்பேன்.

பை நிறைந்ததும் தெருவோர வண்டியில் சூடாகப் பருத்திப்பால். பருத்திக்கொட்டையை ஊறவைத்து ஆட்டிப் பிழிந்த பாலில் கருப்பட்டி, சுக்கு, ஏலக்காய் சேர்த்துக் காய்ச்சுவார்கள், வயிறும் நிறையும்.

நீங்களும் காலையிலேயே போங்கள். கீரை சீக்கிரம் தீர்ந்துவிடும். பலகை விலையில் பேரம் வேண்டாம். அந்தக் காசு முழுக்க உழுதவருக்கே போகிறது.