உலோகங்களின் கூடா நட்பு

கடலை அடுத்த ஊர்களில் இரும்பு விரைவில் துருவேறுதல் யாவரும் அறிந்ததே. சென்னையில் மயிலாப்பூர், பட்டினப்பாக்கம், அடையாறு முதலிய பகுதிகளில் சாளரக் கம்பிகளும் வாயிற் கதவுகளும் காலந்தோறும் வண்ணம் பூசப்பெறாவிடின் கெட்டழியும். கடற்காற்றில் கலந்துவரும் உப்பும் ஈரமுமே இதற்குக் காரணங்களாம். இவ்வாறு ஓர் உலோகம் தனித்து நின்று அழிதல் ஒரு வகை. வெவ்வேறு உலோகங்கள் இரண்டு ஒன்றையொன்று தொட்டு நிற்க, அவற்றுள் ஒன்று மற்றொன்றின் சேர்க்கையால் அழிதல் பிறிதொரு வகை. பின்னதன் இயல்பையும், அதனைத் தடுக்கும் வழிகளையும் பாய்மரப் படகு ஒன்றைக்கொண்டு அறியலாம்.

சென்னைத் துறைமுகத்தில் 1911ஆம் ஆண்டு பாய்மரப் படகோட்டும் சங்கம் ஒன்று தோன்றியது. 2021ஆம் ஆண்டு டோக்கியோ நகரில் நடைபெற்ற ஒலிம்பிக் விளையாட்டுகளில் பாய்மரப் படகு செலுத்தத் தகுதி பெற்ற முதல் இந்தியப் பெண்மணியாகிய நேத்ரா குமணன் சென்னையைச் சேர்ந்தவரே.

பண்டைநாளில் பாய்மரம் மரத்தால் ஆனது. பெயரும் அதனால் அமைந்தது. இக்காலத்திலோ பல படகுகளில் அது அலுமினியக் குழாயாக உள்ளது. அதிற் பொருத்தப்பெறும் திருகுகளும், கம்பிகளைப் பற்றும் தகடுகளும் பெரும்பாலும் துருவேறா எஃகினால், அஃதாவது இல்லங்களில் எவர்சில்வர் என வழங்கும் உலோகத்தால், செய்யப்படுகின்றன. இவ்விரண்டும் தனித்தனியே உறுதி உடையன. இணைந்தவிடத்தில் உப்புநீர் படியுமாயின் தொல்லை தொடங்கும்.

இத்தாலிய அறிஞர் வோல்ட்டா என்பார், இருவேறு உலோகத் தகடுகளை மாறி மாறி அடுக்கி, இடையே உப்புநீரில் நனைத்த பொருளை வைத்து மின்னோட்டம் உண்டாக்கினார். இச்செய்தி 1800ஆம் ஆண்டில் உலகுக்கு அறிவிக்கப்பெற்றது. பாய்மரத்தில் நிகழ்வதும் அத்தகையதே. ஈரம் படிந்த இணைப்பு ஒரு சிறு மின்கலமாகிவிடுகின்றது. எளிதில் வினைபடும் அலுமினியம் கரைய, எஃகு கேடின்றி நிற்கின்றது. திருகைச் சுற்றி வெண்பொடி தோன்றும்; பூச்சு கொப்புளிக்கும்; துளை நாளடைவில் அகலும். பெருங்காற்று வீசும்போது கம்பியின் இழுப்பைத் தாங்கும் தகடு பெயர்ந்து வருமாயின் பாய்மரம் முறிந்து வீழும். கரைக்கு நெடுந்தொலைவில் உள்ளோரின் உயிருக்கு அப்பொழுது யாது காப்பு?

இக்கேட்டைத் தடுக்கும் வழியைப் பழைய நிகழ்ச்சி ஒன்று காட்டுகின்றது. இங்கிலாந்துக் கடற்படையைச் சேர்ந்த 'அலாரம்' என்னும் மரக்கலத்தின் அடிப்புறத்தில், மரத்தைத் துளைக்கும் புழுக்களைத் தடுக்கும்பொருட்டுச் செப்புத் தகடுகள் இரும்பாணிகளால் அறையப்பெற்றன. 1763ஆம் ஆண்டில் அதனை ஆராய்ந்தபோது, ஆணிகள் பல அரிப்புண்டு, தகடுகள் கழன்றிருக்கக் கண்டனர். சில ஆணிகள் மட்டும் பழுதின்றி இருந்தன. செப்புத் தகடுகளைச் சுற்றியிருந்த பழுப்புத் தாளின் துண்டுகள் அவ்வாணிகளுக்கும் செம்புக்கும் இடையே சிக்கியிருந்தமையே அதற்குக் காரணம். தாளின் கனமே உடைய தடை, இரும்பைக் காத்துவிட்டது!

ஆகவே, இரு உலோகங்களையும் தொடவிடாமற் பிரித்தலே முதற்காவல் ஆகும். எஃகுத் தகட்டின் அடியில் நைலான் போன்ற மின்கடத்தாப் பொருளாலான மென்றகட்டை இடுதல் வேண்டும். திருகின் தலைக்கீழ் அத்தகைய வளையத்தையும், மரையில் நீர்புகாப் பசையையும் இடுதல் நன்று. செம்பும் பித்தளையும் அலுமினியத்தோடு இணையின் கேடு மிகும். ஆதலால் அவற்றை அறவே விலக்குக. கடலினின்று மீண்டதும் நன்னீரால் பாய்மரத்தைக் கழுவுதலும், ஆண்டுக்கு ஒருமுறை திருகுகளைக் கழற்றி ஆராய்தலும் இன்றியமையாதன. படகின் அடிப்புறத்திற் பொருத்தப்பெறும் துத்தநாகக் கட்டி, தான் அழிந்து நீரில் மூழ்கிய உலோக உறுப்புகளைக் காக்கும். ஆனால் காற்றில் உயர்ந்து நிற்கும் பாய்மரத்துக்கு அதனாற் பயனில்லை.

நியூயார்க் நகரின் சுதந்திர தேவி சிலையும் இப்பகைக்குத் தப்பவில்லை. செப்புப் போர்வைக்கும் உள்ளிருந்த இரும்புச் சட்டங்களுக்கும் இடையே இட்ட தடுப்பு காலப்போக்கில் சிதையவே, இரும்பு அரிப்புண்டது. 1986ஆம் ஆண்டில் நிறைவெய்திய திருப்பணியில் அச்சட்டங்கள் பெரும்பாலும் துருவேறா எஃகுச் சட்டங்களாக மாற்றப்பெற்றன; செம்புக்கும் எஃகுக்கும் இடையே டெஃப்லான் என்னும் பொருளும் இடப்பெற்றது. தமிழ்நாட்டில், 1953ஆம் ஆண்டு காரைக்குடியில் திறக்கப்பெற்ற மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையம் உலோக அரிப்பைப் பற்றி ஆராய்ந்து வருகின்றது.

கூடா நட்பினைப் பற்றித் திருவள்ளுவர் ஓர் அதிகாரமே வகுத்துள்ளார். பொருந்தாதவரை விலக்கிவிடலாம், பொருந்தா உலோகங்களையோ ஒருசேரப் பயன்கொள்ள வேண்டியுள்ளது. அவற்றினிடையே சிறு தடுப்பை இட்டு, காலந்தோறும் கண்காணித்து வருவாராயின், படகோட்டிகள் கடலை அஞ்சாது கடந்து கரை சேர்வர்.