கடனால் வாங்கிய கழகம்

கடன் பெற்று வீடு வாங்குகிறவர், வட்டியைத் தம் சம்பாத்தியத்திலிருந்து கட்டுவார். வீடே சம்பாதித்துத் தன்னை வாங்கியவரின் வட்டியைக் கட்டுமானால் விந்தையல்லவா? இங்கிலாந்தின் மான்செஸ்டர் யுனைடெட் கால்பந்துக் கழகத்தில் நிகழ்ந்தது அதுதான்.

2005-ஆம் ஆண்டில் அமெரிக்க வணிகர் மால்கம் கிளேசர் அக்கழகத்தைச் சுமார் 79 கோடி பவுனுக்கு வாங்கினார். அதில் பாதிக்கு மேல் கடன். கடனின் ஒரு பகுதிக்குக் கழகத்தின் சொத்துகளே ஈடு. டிக்கெட் வாங்கியவர் கொடுத்த காசும் வட்டிக்குப் போயிற்று. மனம் கசந்த ரசிகர் சிலர் அவ்வாண்டிலேயே தமக்கென வேறொரு கழகத்தைத் தொடங்கிவிட்டனர்.

எனினும் ஆட்டம் உடனே தளரவில்லை. 2008-இல் ஐரோப்பியக் கோப்பையும் கிட்டிற்று. ஆகவே கடன் ஆடுகளத்தைக் கெடுத்தது என்று எளிதாகச் சொல்லிவிட முடியாது. 2009-இல் ரொனால்டோ 8 கோடி பவுனுக்கு மாட்ரிட் சென்றார். மறு ஆண்டே பழைய கடனை அடைக்க, சுமார் 50 கோடி பவுனுக்குப் புதிய கடன் பத்திரங்கள் வெளியிடப்பட்டன. பின்னாளில் ஆட்டக்காரர்களைப் பெரும் விலைக்கு வாங்கியபோதும் தொகை முழுவதும் அன்றே கொடுக்கப்படுவதில்லை. தவணைகள் ஆண்டுக்கணக்கில் நீளும். கணக்கேட்டில் அதுவும் கடனே.