பழவேற்காட்டு லோடும் பழைய கார்பரேட்டரும்

பழவேற்காட்டு இறாலும் நண்டும் மடவையும் சென்னை போய்ச் சேர ஏறத்தாழ 60 கிலோமீட்டர். வழியில் வண்டி நின்றாலும் பெட்டியில் ஐஸ் உருகிக்கொண்டே இருக்கும். அதனால் கார்பரேட்டர் காலத்தில் லோடு ஓட்டியவர் பாதி மெக்கானிக்காகவும் இருந்தாக வேண்டும்.

ஜீப்பின் 2.2 லிட்டர் பெட்ரோல் எஞ்சினோடு வந்த மகிந்திரா எஃப்.சி. 150 ஆகட்டும், பின்னர் வந்த மாருதி ஆம்னி ஆகட்டும், பெட்ரோல் போகும் வழியைக் கையால் தொட்டுப் பார்க்கலாம். டேங்க், ஃபில்டர், பம்ப், கார்பரேட்டர். வண்டி இருமி நின்றால் முதலில் டேங்க் மூடியைத் திறப்பார்கள். திறந்ததும் எஞ்சின் ஓடினால், மூடியின் காற்றுத்துளை அடைத்திருக்கிறது. ஓடாவிட்டால் காயில் வயரைக் கழற்றிவிட்டு, கார்பரேட்டருக்குப் போகும் குழாயை ஒரு பாட்டிலுக்குள் விட்டு செல்ஃப் அடிப்பார்கள். பெட்ரோல் விட்டுவிட்டுப் பீய்ச்சினால் பம்ப் நலம். கோளாறு கார்பரேட்டரின் ஊசியிலோ ஜெட்டிலோ. பீய்ச்சாவிட்டால் ஃபில்டரையும் பம்பின் டயாப்ரத்தையும் பார்க்க வேண்டும். பம்புக்கு முந்தைய குழாயில் வெடிப்பு இருந்தால் பெட்ரோல் வெளியே கசியாது, காற்றுதான் உள்ளே போகும். பலரை அலைக்கழித்த கோளாறு இது. கத்திரி வெயிலில் பம்ப் மேல் ஈரத்துணி சுற்றினால், ஆவியாகிப்போன பெட்ரோல் அடங்கி ஓட்டம் திரும்பும்.

பழவேற்காட்டு ஏரிக்கரையில் இன்னொரு தொல்லையும் உண்டு. பாதி காலியான டேங்கில் இரவு ஈரம் துளியாகிச் சேரும், தகரம் துருவேறும், அந்தத் துரு ஊசியின் வாயில் போய் உட்காரும்.

2005இல் டீசலில் ஓடும் டாடா ஏஸ் சிறு லாரி வந்தது. 2020 ஏப்ரலில் பி.எஸ். 6 புகை மாசு விதி வந்தபின், புதிய பெட்ரோல் வண்டிகளில் கார்பரேட்டருக்கு இடமில்லாமல் போனது. கார்பரேட்டர் காலத்துப் பம்ப் எஞ்சின் ஓரத்தில் இருந்து 0.3 பார் அளவு அழுத்தம் தந்தது. இன்றையது டேங்குக்குள்ளேயே இருந்து 3 பார் அளவு தருகிறது. பெட்ரோல் வழியில் ஆவியாவது அரிதாகிவிட்டது. கார்த்திகை மழையிலும் சோக் இழுக்காமல் எஞ்சின் பிடிக்கிறது. ஜெட்டை வாயால் ஊதி அடைப்பெடுத்த பழக்கம் ஒழிந்ததில் எனக்கு வருத்தமே இல்லை. ஆனால் இன்று பம்ப் நின்றால், ஓட்டுநர் சாலையோரத்தில் செய்ய அதிகமில்லை. ஸ்கேனர் வரவேண்டும், பெரும்பாலும் பம்பையே மாற்ற வேண்டும். அதற்குள் லோடு வேறு வண்டிக்கு மாறிவிட வேண்டும்.

பெட்ரோலும் அதே பெட்ரோல் இல்லை. 2022இல் 10 சதவீதமாக இருந்த எத்தனால் கலப்பு 2025இல் 20 ஆனது. எத்தனால் ஈரத்தை இழுக்கும். நீர் மிகுந்தால் பிரிந்து டேங்கின் அடியில் தங்கும், எஞ்சினுக்குப் போகும் குழாயும் அங்கேதான் இருக்கிறது. பழைய ரப்பர் உப்பும். புதிய வண்டி சென்சார் சொல்வதைக் கேட்டு பெட்ரோலைக் கூட்டிக்கொள்ளும். கார்பரேட்டர் ஜெட்டின் துளையோ மாறாத அளவு. அதனால் எஞ்சினுக்கு எரிபொருள் போதாமல், லோடோடு பாலம் ஏறும்போது பழைய வண்டி திணறுகிறது.

இன்னும் அதை ஓட்டுகிறவர்கள் எத்தனால் தாங்கும் குழாயும் டயாப்ரமும் போட்டு, ஜெட்டை ஒரு அளவு பெரிதாக்கிக்கொள்வது நல்லது. புயல் எச்சரிக்கையில் படகுகள் கரையேறி, வண்டி பல நாள் நிற்கும்போது, கார்பரேட்டர் கிண்ணத்தில் உள்ளதை வடித்துவிட வேண்டும். அதை வடிக்கும் சிறு திருகு எங்கே இருக்கிறது என்று காட்ட, பழைய ஓட்டுநர் ஒருவர் பக்கத்தில் இருக்க வேண்டும்.