எண்ணே பெயரான கல்லறைகள்

மார்க்கையன்கோட்டை போன்ற சிற்றூரில் ஒருவர் மறைந்தால், இன்னார் மகன் என்று சொல்ல நாலு பேர் இருப்பர். மனநோய் விடுதிகளில் மாண்ட பலருக்கு அந்த நாலு பேர் வாய்க்கவில்லை.

அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலத்து மில்லட்ஜ்வில் நகரில் 1842-ஆம் ஆண்டு தொடங்கிய மருத்துவமனை, பின்னாளில் 12,000 நோயாளிகளைக் கொண்ட தனி நகரமாகவே வளர்ந்தது. இன்று அதன் கட்டடங்களுட் பல பாழடைந்து நிற்கின்றன. அதன் நிலத்தில் ஏறத்தாழ 25,000 பேர் புதையுண்டனர். தலைமாட்டில் நட்டவை எண் பொறித்த இரும்பு முளைகள்; பெயர் இல்லை. 1960-களில், புல்வெட்ட இடையூறென்று அவற்றையும் தோட்டக்காரர்கள் பிடுங்கிவிட்டார்கள். அவர்களை நோவானேன்? பெயரற்ற இரும்பை யார் மதிப்பர்? 1997-இல், மனநோயின் துயரறிந்தவர்கள் அவ்விடத்தைக் கண்டு வருந்தி, ஏறக்குறைய 2,000 முளைகளைத் திரட்டி நினைவிடம் எழுப்பினர். எந்த முளை எந்தக் குழிக்குரியது என்பதை மட்டும் இனி அறிய வழியில்லை.

கடல் கடந்த கதை என்று இதனை ஒதுக்குதற்கில்லை. நம் இராமநாதபுரம் மாவட்டத்து ஏர்வாடி தர்காவை நாடி, மனநோயாளரை அழைத்து வருவோர் பலர். அவர்களுட் சிலர் நோயாளியைத் தனியார் விடுதியில் விட்டுச் செல்வர். அத்தகைய விடுதியொன்றின் கீற்றுக் கொட்டகை 2001 ஆகஸ்டு 6 அதிகாலை தீப்பற்றியது. சங்கிலியிற் பிணைக்கப்பட்டிருந்தோர் ஓட இயலவில்லை. 28 பேர் மாண்டனர்.

2017-ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் சங்கிலியை அடியோடு விலக்கியது. குடும்பத்தார் ஏற்கவில்லை என்பதற்காக மட்டும் எவரையும் மனநல விடுதியிலேயே வைத்திருத்தலாகாது என்றும் அது விதிக்கிறது.