முழங்கால் வலியும் மலை வாசமும்

திருவனந்தபுரத்தில் உத்தியோகம் பார்க்கும் தமிழர்களிடையே ஒரு பழைய ஆசை உண்டு. ஒரு முறையேனும் பொதிகை ஏற வேண்டும் என்பதே அது. கேரளத்தார் அகஸ்தியர்கூடம் என வழங்கும் 1,868 மீட்டர் உயரச் சிகரமே நம் பொதிகை. குளிர் கழியும் முன்னர், வனத்துறையின் அனுமதியுடன் போணக்காட்டிலிருந்து நடந்து, அதிருமலை முகாமில் தங்கி, மூன்றாம் நாள் திரும்புவார்கள். நாமும் ஆண்டுதோறும் ‘அடுத்த ஆண்டு பார்க்கலாம்’ என்று சொல்லி வந்தோம். அவ்வாறு சொல்லிக்கொண்டிருக்கும்போதே வயது நாற்பதைக் கடந்தது. முழங்கால் இரண்டும் நோகத் தொடங்கின. படம் எடுத்துப் பார்த்த மருத்துவர், “மலைக்குப் போங்கள், அந்த மலைக்கு மட்டும் வேண்டாம்” என்றார்.

சில மாதங்கள் வீட்டிலேயே முடங்கிக் கிடந்தோம். வலி குறையவில்லை. அதன் காரணம் பிறகே விளங்கிற்று. மூட்டில் எலும்பும் எலும்பும் உராயாதபடி காக்கும் குருத்தெலும்புக்கு இரத்தக் குழாய்கள் கிடையா. மூட்டினுள் ஊறும் நீரே அதற்கு உணவு. கால் அசைந்து, அழுந்தி, விடுபடும்போதுதான் அந்நீர் உள்ளே புகும். கால்களுக்கு அடியோடு ஓய்வு கொடுத்தால் குருத்தெலும்பு பட்டினி கிடக்கும்; மூட்டைத் தாங்கும் தொடைத் தசையும் வற்றும். நாள் முழுதும் நாற்காலியில் அமர்ந்து கோப்புகளை மொழிபெயர்ப்போருக்கு அத்தசை முன்னரே வற்றியிருக்கும் என்பதைச் சொல்லவும் வேண்டுமோ?

மற்றொன்றும் அறிந்தோம். மலையேற்றத்தில் முழங்காலுக்குப் பகை ஏற்றமன்று, இறக்கமே. சமதரையில் நடக்கையில் மூட்டின்மீது உடல் எடையைப்போல் ஏறத்தாழ இரண்டரை மடங்கு சுமை விழும்; படியிறங்கும்போது அது மூன்று மடங்கையும் மிஞ்சும். ஏறும்போது மூச்சு வாங்கி நம்மை எச்சரிக்கும். இறங்கும்போது எச்சரிப்பார் எவருமில்லை, மறுநாள் காலையில்தான் தெரியும்.

ஆகவே சென்ற தை மாதம் பொன்முடிக்குப் புறப்பட்டோம். நகரிலிருந்து நெடுமங்காடு, விதுரை வழியாக ஏறத்தாழ 60 கிலோமீட்டர். அரசுப் பேருந்தும் உண்டு. உருண்டைப் பாறைகளினூடே ஓடும் கல்லாற்றைக் கடந்தபின் 22 கொண்டை ஊசி வளைவுகள். சுமார் 1,100 மீட்டர் உயரம் வரை ஏறும் வேலையும் இறங்கும் வேலையும் வண்டியினுடையவை. “இது மலையேற்றமா, சொகுசா?” என்று நண்பரொருவர் நகைத்தார். நகைக்கட்டும். மிச்சப்படுத்திய முழங்காலை மேலே புல்மேடுகளில் செலவிட்டோம் என்பதை அவர் அறியார்.

காலையில் வந்து மாலையில் திரும்புவோர் பலர். முழங்கால் நோயாளிக்கு அது ஏற்றதன்று. நேரம் குறுகினால் நடை விரைவாகும், விரைவில்தான் கால் இடறும். இரண்டு இரவு தங்குவதே நலம். கண்ட இடத்தில் கூடாரம் அடிக்க இயலாது. வனத்துறையைக் கேட்காமல் அந்த எண்ணமே கூடாது. கூடாரம் என்றாலும் தரையில் படுத்து எழவேண்டும். சம்மணமிட்டு உண்டு பழகிய நமக்கே இப்போது தரையிலிருந்து எழ இரண்டு கைகளும் ஒரு சுவரும் தேவைப்படுகின்றன. விடுதி அறையைப் பதியும்போதே கட்டில் உண்டா, உட்காரும் கழிப்பிடம் உண்டா, படிகள் எத்தனை என்று வெட்கப்படாமல் கேட்டுவிட வேண்டும். மடக்கு நாற்காலி ஒன்றை நாமே கொண்டு சென்றோம். இரவில் அதை முற்றத்தில் விரித்து, கம்பளியைப் போர்த்து, நட்சத்திரங்களைப் பார்த்துக்கொண்டிருந்தோம். மலைவாசத்தில் நாம் விரும்பியதில் பெரும்பகுதி அதுவே என்பது அப்போதுதான் தெரிந்தது.

தில்லிக் குளிரில் பழகிய அன்பர்கள் பொன்முடிக் குளிரைப் பொருட்படுத்த மாட்டார்கள். ஆயினும் இந்தக் குளிருக்கும் மூட்டு விறைக்கவே செய்யும். விழித்ததும் எழுந்து நிற்கலாகாது. படுத்தவாறே தொடையை இறுக்கிக் காலை ஒரு சாண் உயர்த்தி, ஐந்து எண்ணி இறக்குக. காலுக்குப் பத்து முறை. முழங்காலைச் சுற்றிக் கம்பளித் துணியோ வெந்நீர்ப் பையோ சிறிது நேரம் இருக்கட்டும். பிறகு நடை.

கைத்தடியை வலிக்கும் காலின் பக்கம் பிடிப்பதே பலருடைய வழக்கம், அது தவறு. எதிர்ப்பக்கக் கையில் பிடித்து, வலிக்கும் காலோடு சேர்த்து ஊன்ற வேண்டும். இரண்டு காலும் நொந்தால் இரண்டு தடி. படியேறும்போது நல்ல கால் முன்னே. இறங்கும்போது நோயுற்ற கால் முன்னே. சரிவில் நேராக இறங்காமல் குறுக்கும் நெடுக்குமாக, சிற்றடி வைத்து இறங்குதல் வேண்டும். பனி படிந்த புல் வழுக்கும், வெயில் ஏறட்டும். மூட்டு வீங்கினாலோ, மடங்கிய கால் நீள மறுத்தாலோ அன்றைய நடை அத்துடன் நிற்கட்டும். ஊர் திரும்பியதும் மருத்துவரைக் காண்க.

எடையைப் பற்றியும் ஒரு சொல். உடல் ஒரு கிலோ குறைந்தால் ஒவ்வோர் அடியிலும் முழங்காலுக்கு நான்கு கிலோ சுமை குறையும் என 2005-ல் அமெரிக்காவில் வெளியான ஓர் ஆய்வு கூறுகிறது. எமது இல்லத்தரசியார் இச்செய்தியைப் படித்துவிட்டு, விடுதியில் வந்த இரண்டாவது பழம்பொரியை எம் தட்டிலிருந்து எடுத்துக்கொண்டார்.

முதல் நாள் காலையில் மூடுபனி பத்து மணி வரை விலகவில்லை. பத்தடிக்கு அப்பால் ஒன்றும் தெரியவில்லை. மறுநாள் தடியூன்றிப் புல்மேட்டின் விளிம்புவரை மெல்ல நடந்தோம். இருநூறு அடி தூரத்துக்கு அரைமணி நேரம் ஆயிற்று. பனி கிழிந்தபோது, தொலைவில், மற்ற மலைகளுக்குப் பின்னே நீலமாக அகஸ்தியர்கூடம் நின்றது. அவ்வேளையில் நம் அலுவலக நண்பர்கள் சிலர் அதன் சரிவில் எங்கோ ஏறிக்கொண்டிருந்திருப்பர். இல்லத்தரசியார் நாற்காலியைக் கொணர்ந்து விரித்தார். அதை அந்தத் திக்கு நோக்கித் திருப்பிப் போட்டு அமர்ந்தோம்.